காட்டுக்குள்ள கிடாரும் காஞ்சிப் பட்டும்

ஹெவி மெட்டல் கேட்கிறவங்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. உயிரா நேசிக்கிற குழுவையே உட்கார்ந்து கிண்டல் பண்ணுவாங்க. பாட்டை இல்லீங்க, விளம்பரப் போட்டோவை! 1983ல 'இன்டு க்ளோரி ரைட்' ஆல்பம் அட்டைக்கு மேனோவார் குழு மிருகத்தோல் கோவணமும் கையில வாளுமா போஸ் கொடுத்தது. 1995ல நார்வேயின் இம்மார்ட்டல் குழு, வெள்ளைச் சாயம் பூசின முகமும் கையில எலெக்ட்ரிக் கிடாருமா பனிக்கு நடுவுல படம் எடுத்து அட்டையில போட்டது. "அங்க பிளக் பாயின்ட் எங்கப்பா?"ன்னு கேட்கத் தோணுமா, தோணாதா? :-)

காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்து பார்த்தவங்களுக்கு முகச்சாயம் ஒண்ணும் புதுசில்லை. ராத்திரி, மத்தளம் அதிர, அரிதாரம் பூசின துரியோதனன் சுழன்று வந்தா குழந்தைங்க அம்மா முந்தானைக்குள்ள போயிடும். அதே வேஷத்தைப் பகல்ல, சத்தமே இல்லாம, அசையாம நிக்க வச்சுப் படம் எடுத்தா? சிரிப்பு வரும். தப்பு வேஷத்துல இல்லை. இசையைக் கழட்டிட்டு வேஷத்தை மட்டும் காட்டுறதுலதான் இருக்கு.

நம்ம கர்நாடக சங்கீதத்துக்கும் இது பொருந்தும் (அடிக்க வராதீங்க). பழைய படங்களைப் பாருங்க. கோட்டு, தலைப்பாகை, நெஞ்சு நிறைய மெடல், முகத்துல மட்டும் பல்வலி வந்த மாதிரி ஒரு இறுக்கம். ஆனா கச்சேரியில அவங்க அப்படி இல்லை. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையை (1889-1934) எடுத்துக்குங்க. வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல்னு 'புல் பெஞ்ச்' கச்சேரி. லயச் சண்டைக்குப் பேர் போனவர். என்னைக் கேட்டா அந்தக் காலத்து ஹெவி மெட்டலே அவர்தான். இசைத்தட்டு எதுவும் கொடுக்காமலே போயிட்டார். நமக்கு மிச்சம் படம் மட்டும்தான், சத்தம் இல்லை.

பெண்களுக்கு அந்த இறுக்கம் வெறும் பழக்கம் இல்லை, பாதுகாப்பு. காஞ்சிபுரத்துல பிறந்த டி.கே. பட்டம்மாளோட அம்மாவுக்கு நல்லாப் பாட வரும். ஆனா சொந்தக்காரங்க முன்னாடி கூடப் பாட அனுமதி இல்லை. மகளோ 1929ல வானொலியில பாடினார். 1932ல, 13 வயசுல, சென்னை ரசிக ரஞ்சனி சபா மேடை ஏறினார். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் கேமரா முன்னாடி லேசாச் சிரிச்சாலும் ஊர் என்ன பேசியிருக்கும்?

இசை வேளாளர், தேவதாசி மரபு வீடுகள்ல வந்தவங்களுக்கு இன்னும் கஷ்டம். கலையை ரசிச்ச ஊரே பிறப்பைப் பழிச்சது. மதுரை சண்முகவடிவு மகள் எம்.எஸ்.சுப்புலட்சுமி. வீணை தனம்மாள் பேத்தி பாலசரஸ்வதி. (பாலாவோட சித்தி பெண்கள் பிருந்தாவும் முக்தாவும் நயினாப் பிள்ளைகிட்ட பாடம் கேட்டவங்க.) இந்த ரெண்டு பேரும் 1937ல ஒரு காரியம் பண்ணாங்க. பைஜாமா மாட்டிக்கிட்டு, பத்த வைக்காத சிகரெட்டை வச்சுக்கிட்டு, படம் எடுத்துக்கிட்டாங்க! எம்.எஸ்.க்கு அப்போ 21 வயசு, பாலாவுக்கு 19. விளம்பரத்துக்கு இல்லை, தங்களுக்காக. அந்தப் படம் ஊர் கண்ணுல பட பல பத்தாண்டு ஆச்சு.

ஊருக்குத் தெரிஞ்ச எம்.எஸ். வேற. பட்டுப்புடவை, பூ, குங்குமம், வைர மூக்குத்தி. அவருக்காக காஞ்சிபுரம் முத்து செட்டியார் நெய்து கொடுத்த நீலத்துக்கு 'எம்.எஸ். ப்ளூ'ன்னே பேர் நிலைச்சுப் போச்சு. இன்னிக்கும் கடையில அந்தப் பேரைச் சொன்னா எடுத்துப் போடுவாங்க. எவ்வளவு அழகான நீலம்! ஆனா அதுவும் ஒரு வேஷம்தான். நார்வேக்காரன் பயமுறுத்தச் சாயம் பூசினான், நம்ம ஊர்ல மரியாதை கிடைக்கப் பட்டு உடுத்த வேண்டியிருந்தது. அவனைப் பார்த்துச் சிரிச்சா அவனுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லை. இவங்களுக்கு மேடையே போயிருக்கும்.

அதனால பழைய வித்வாம்சினிகளோட உம்முன்னு இருக்கிற படத்தைப் பார்த்து இப்பல்லாம் எனக்குச் சிரிப்பு வர்றதில்லை. அந்த பைஜாமா படத்தைப் பார்த்தா மட்டும் வாய்விட்டுச் சிரிக்கிறேன். அதுல அவங்களே முதல்ல சிரிச்சுட்டாங்களே!