மெய்க்குப் பின் உயிர்

தமிழ் அச்சின் சரித்திரம் பேசும்போது நாம் ஈய எழுத்தோடு நின்றுவிடுகிறோம். அதற்குப் பிறகு எழுத்தைக் கோத்தவர்கள் யார் என்ற கேள்வி எனக்கும் தோன்றியதில்லை, ஒரு குறுந்தகடு கைக்கு வரும்வரை.

ஆரணியில் இருந்த நண்பர் ஒருவர் இறந்து ஆறு மாதம் கழித்து அவர் மனைவி அதைக் கொடுத்தார். 2000-ஐ ஒட்டி அவர் தட்டச்சு செய்து வைத்த நாற்பது கவிதைகள். வேறு பிரதி இல்லை. கண்ணமங்கலத்தில் வங்கி முடிந்து அறைக்கு வந்து திறந்தால் திரை முழுக்க ஐரோப்பியக் குறிகள். கோப்பு திஸ்கி என்ற குறியீட்டில் இருந்தது. யூனிகோடுக்கு மாற்றி, மூலநிரலிலிருந்து நானே கட்டிக்கொண்ட ஈமாக்ஸ் எடிட்டரில் திறந்தேன். 'செடி' என்ற சொல்லில் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நின்றது. நாற்பதும் சிதைந்துவிட்டதாகவே நினைத்தேன்.

விஷயம் வேறு. அச்சுக்கோப்பவர் 'செ' கோக்க முதலில் கொம்பை எடுப்பார், பிறகு ச. இது கண்ணின் வரிசை. 1990களின் இறுதியில், பல நாடுகளிலிருந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழி விவாதித்து உருவாக்கிய திஸ்கி இந்த வரிசையையே ஏற்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய நூல்கள் பல இதில்தான் வந்தன. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கியும், அதைப் பின்பற்றிய யூனிகோடும் ச-வை முதலில் வைக்கின்றன; கொம்பு பிறகு. இது காதின் வரிசை. உயிர்மெய்யில் மெய்யின் பின்னேதான் உயிர் தோன்றுகிறது என்ற தொல்காப்பியத்தின் கணக்கும் இதுவே. இலக்கணத்துக்கும் அச்சகத்துக்கும் இருந்த பழைய பிணக்கு கணிப்பொறிக்குள்ளும் வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

காதின் வரிசையில் சேமித்தால், கண்ணுக்காக மறுபடி கோக்க ஒருவர் வேண்டும். ஈமாக்ஸில் அந்த வேலையைச் செய்தவர்கள் யார் என்று பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட குனூ ஈமாக்ஸுக்குள் பல மொழிகளைக் கொண்டுவந்தது கெனிச்சி ஹாண்டா முதலான ஜப்பானியர்கள். அவர்கள் வேலை 1997இல் இருபதாம் பதிப்போடு சேர்ந்தது. தமிழ்க் கொம்பை இடம் மாற்றி வைக்கும் நிரலை எழுதியவர் தாயிச்சி கவபத்தா. அதன் உரிமைக் குறிப்பு 2001இல் தொடங்குகிறது. 2007இல் வந்த இருபத்திரண்டாம் பதிப்பு, தேவநாகரி, மலையாளம், தமிழ் மூன்றுக்கு மட்டுமே இப்போதைக்கு வசதி உண்டு என்று அறிவித்தது. நான் பயன்படுத்திய திஸ்கி மாற்றியும் ப்ரூனோ ஹைப்லே என்ற ஜெர்மானியர் 2002இல் எழுதியது. தமிழின் தொன்மை பற்றி நாம் மேடை போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் இவை.

2020இல் வந்த இருபத்தேழாம் பதிப்பிலிருந்து கோக்கும் வேலை ஹார்ஃப்பஸ் என்ற நிரலகத்துக்குப் போயிற்று. என் தவறு அங்கேதான். அந்த நிரலகத்தை நிறுவாமலே எடிட்டரைக் கட்டியிருந்தேன். கட்டுவதற்கு முன் ஓடும் சோதனை தன் பட்டியலில் ஹார்ஃப்பஸ் 'இல்லை' என்று சொல்லியிருக்கிறது, நான் படிக்கவில்லை. நிறுவி மறுபடி கட்டியதும் கொம்பு தன் இடத்துக்கு வந்தது. கவிதைகளில் ஓர் எழுத்தும் கெட்டிருக்கவில்லை. அச்சுக்கோப்பவர் இல்லாத அச்சகத்தில் உட்கார்ந்து பிரதியைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு கவிதை மட்டும் மிச்சம். அதன் கடைசி வரி தனிக் கொம்பில் முடிகிறது. பின்னால் மெய் எதுவும் இல்லை. கண்ணின் வரிசையில் தட்டியவர் பாதியில் நிறுத்தினால் இப்படித்தான் நிற்கும். யூனிகோடில் அது எழுத்தே அல்ல; ஹார்ஃப்பஸ் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தைப் போட்டு, இங்கே மெய் எங்கே என்று கேட்கிறது. கை தவறியதா, அவர் அப்படி நிறுத்தினாரா? சரிசெய்ய ஒரு விசை போதும். அவரிடம் கேட்க முடியாத நிலையில், வட்டத்தோடு அப்படியே வைத்திருக்கிறேன்.