தாலுகா ஆபீஸ் பாரசீகம்

திண்டிவனம் தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதித்தான் எனக்குப் பிழைப்பு. ஒரு நாளில் நான் எழுதும் சொற்களில் பாதி, பாரசீகம் சுமந்து வந்தவை. தாசில்தாரையே எடுங்கள். ‘தாசில்’ அரபியில் வசூல். ‘தார்’ பாரசீகத்தில் வைத்திருப்பவர். ஜமீன்தாரில் உள்ள ஜமீனோ பாரசீக மண்ணேதான்.

வந்த வழியும் தூரமில்லை. செஞ்சி பக்கத்து ஊர். 1649இல் பீஜப்பூர் சுல்தான் படை கோட்டையைப் பிடித்தது. 1677இல் சிவாஜி. 1698இல் முகலாயத் தளபதி சுல்பிகார் கான். அவர்களுக்குப் பின் ஆற்காட்டு நவாப். கொடி மாறினாலும் கணக்கெழுதும் சொற்கள் மாறவில்லை. கும்பினியார் 1837இல் பாரசீகத்தை ஆட்சிமொழி நிலையிலிருந்து இறக்கினார்கள். தலைமை எழுத்தரான சிரஸ்தாரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். (சம்பளத்துக்கு ஆள் வேண்டுமே!)

எனக்குப் பிடித்தது ‘தஸ்தாவேஜு’. அதிலுள்ள ‘தஸ்த்’ என்றால் கை. ஈரானின் பழைய அவெஸ்தா மொழியில் அது ‘ஜஸ்த’, சமஸ்கிருதத்தில் ‘ஹஸ்த’. பஞ்சாங்கத்து அஸ்த நட்சத்திரமும் பத்திர எழுத்தர் கையிலுள்ள தஸ்தாவேஜும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. ஜமாபந்தியின் ‘பந்தி’யும் அப்படியே, நம் ‘பந்த’த்துக்கு உறவு. அரபி ‘ஜமா’வோடு கூடி, மொத்த வரியைக் கட்டி முடிக்கும் கணக்கானது.

பசலி ஆண்டு ஜூலை 1இல் பிறக்கும். அரபியில் ‘பஸல்’ பருவம், அறுவடை. அது பிறக்கும் ஆங்கில ஆண்டில் 590 கழித்தால் பசலி வந்துவிடும். 2024 ஜூலையில் 1434. ஜூன் கடைசியில் பசலி முடிகிறது; அதனால்தான் எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலும் ஜமாபந்தி கோடையில். பட்டா மாறுதல் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “எந்த பசலி அடங்கல் வச்சிருக்கீங்க?” சாகுபடிக் கணக்கான இந்த அடங்கல் மட்டும் சுத்தத் தமிழ்.