புல் கூரை போச்சு, புகை எங்கே போகும்?

ஜவ்வாது மலையிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: “ஜமுனாமரத்தூர்ல வீட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன கான்கிரீட் ரூம் இருக்கு ப்ரோ. அதுல கறி சுட எலக்ட்ரிக் ஸ்மோக்கர் வைக்கப் போறேன். கரன்ட்ல ஓடுறதுதானே, ஜன்னலைத் திறந்து வச்சா போதாதா?”

போதாது. ஏன்னு புரியணும்னா, கூரையோட வரலாற்றைப் பார்க்கணும்.

இந்த மலையில் மலையாளி பழங்குடி மக்களின் பழைய வீடு மண்சுவரும் புல் கூரையும்தான். தனியா புகைபோக்கி கிடையாது. சூடான புகை மேலே ஏறி, புல் வழியா மெதுவா கசியும். போற வழியில் கூரையைப் பூச்சி அரிக்காமலும் காக்கும். ஆனா கசியுறதுக்குள்ள அதைச் சுவாசிச்சது அடுப்பு முன்னாடி உட்கார்ந்த அம்மாதான்.

இந்தப் பிரச்சினையை ஒரு இன்ஜினியர் கையில் எடுத்தார். ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு. மண்ணாலேயே அடுப்பு, பாத்திரங்களுக்குக் கீழே புகை ஓடும் பாதை, கடைசியில் கூரைக்கு மேலே போகும் குழாய். அவர் எழுதிய கையேடு 1953-ல் சென்னையில் அச்சானது. 1983-ல் வெளியான ஆய்வுக்காக கிர்க் ஸ்மித் குழு குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தது: ஒரு கன மீட்டரில் சுமார் 7 மில்லிகிராம் தூசு. அதே காலத்தில் மத்திய அரசு புகை குறைந்த அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2002-க்குள் 3 கோடிக்கும் மேல் அடுப்பு கட்டிக்கொடுத்தது. பல வீடுகளில் குழாயில் கரி அடைச்சது, அடுப்பு விரிசல் விட்டது. சுத்தம் பண்ணவோ பழுது பார்க்கவோ ஆளில்லை. புகை திரும்ப வீட்டுக்குள்ளேயே வந்தது.

இதுக்கு நடுவுல கூரையும் மாறிடுச்சு. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-ல் 300 சதுர அடி பசுமை வீடு. கான்கிரீட் கூரை ஒழுகாது, தீப்பிடிக்காது. ரொம்ப நல்ல விஷயம். ஆனா அதில் எதுவும் கசியாது.

இப்போ ஸ்மோக்கருக்கு வருவோம். கரன்ட் சூடு மட்டும்தான் தருது. புகை தருவது மரத்தூள். அது தீப்பிடிக்காமல் கனியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், அப்புறம் மரணம். மலை ஊர்களில் குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் வச்சுத் தூங்கி இறந்தவங்க செய்தியை நாம படிச்சிருக்கோம்.

அதனால் முதல் யோசனை, வெளியே ஒரு கூரைக்கீழ் வைங்க. பெரும்பாலான ஸ்மோக்கர்களின் கையேடே வெளியே மட்டும்னுதான் சொல்லும். உள்ளேதான் வைக்கணும்னா, உள்ளே ஓட்டுறதுக்குன்னே செஞ்ச மெஷினா வாங்குங்க. அதுக்கு மேலே ஒரு ஹூட், அதிலிருந்து கூரையைத் தாண்டி நேரா ஏறும் இரும்புக் குழாய். எதிர்ச் சுவரில் தரையோரம் காற்று உள்ளே வர ஒரு திறப்பு. காற்று உள்ளே வராமல் புகை வெளியே போகாது. எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் மாட்டினால் பாதி வேலைதான். குழாயில் படியும் பிசினை அடிக்கடி சுரண்டணும், இல்லன்னா அதுவே தீப்பிடிக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு கட்டாயம். அந்த ரூம்ல யாரும் படுக்கக் கூடாது.

மலைப் பக்கம் இருக்கிறவங்க, உங்க பாட்டி வீட்டு அடுப்புப் புகை எந்த வழியா வெளியே போச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் படிக்கிறேன்.