ஜாமீனும் கரிசல் நிலத்து ஏழையும்

விளாத்திகுளம் வட்டத்துப் புதூரையோ அதைச் சூழ்ந்த கரிசற் கிராமங்களையோ சேர்ந்த மானாவாரி விவசாயி ஒருவன், அடிதடி வழக்கொன்றில் கைதாகி, நீதிமன்றம் ஜாமீன் வழங்கிய பின்னரும் ஜாமீன்தார் இருவர் அகப்படாத காரணத்தால் சிறையிலேயே கிடக்க நேருமாயின், அவனை அங்கே வைத்திருப்பது குற்றச்சாட்டன்று, வறுமையே என்பது என் அபிப்பிராயம்.

2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா விடுதலைக்குப் பல வழிகளை வகுத்திருக்கிறது. ஜாமீனில் விடத்தக்க குற்றமாயின் 478ஆம் பிரிவின்படி ஜாமீன் கைதியின் உரிமை. ஏனைய குற்றங்களில் அது நீதிமன்றத்தின் விவேகத்தைப் பொறுத்தது. கைதுக்கு அஞ்சுவோன் 482ஆம் பிரிவின்கீழ் முன்ஜாமீன் கேட்கலாம். குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிடின் விடுதலை கேட்கும் உரிமை 187ஆம் பிரிவால் பிறக்கிறது.

இவ்வழிகள் யாவும் வந்து கூடுமிடம் ஜாமீன்தார் என்னும் ஒரே வாசல். வீட்டுவரி ரசீதும் சொத்து மதிப்புச் சான்றும் கொண்டுவருகிற இருவரை நிறுத்து என்று உத்தரவாகும்போது, பாட்டன் பெயரிலேயே நின்றுபோன கூட்டுப் பட்டாவையன்றி வேறு பத்திரமறியாத குடும்பம் எவரை நிறுத்தும்? தீப்பெட்டி ஆபீஸ் கூலியை நம்பி வாழ்பவளின் கணவனுக்காகத் தன் சொத்தைப் பொறுப்பாக்க எந்தச் சம்சாரி துணிவான்? தப்பித் தவறி வெளிவந்தாலும், நாள்தோறும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டுமென்னும் நிபந்தனை, ஐப்பசி மழையை எதிர்பார்த்து உளுந்தும் பருத்தியும் விதைக்கும் அந்தச் சில நாட்களில் வந்து விழுமாயின், அவ்வாண்டின் வெள்ளாமையே கைநழுவிப் போகும்.

1978இல் மோதிராம் என்னும் கொத்தனாரின் வழக்கில், பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதோடு, அவர் சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று அந்த ஜாமீனையும் மறுத்த மாஜிஸ்திரேட்டின் உத்தரவை நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்கான சொந்தப் பிணைமுறியில் அவரை விடுவித்தார். மறு ஆண்டு ஹுஸைனாரா காத்தூன் வழக்கில் நீதிபதி பகவதி, ஒருவன் தலைமறைவாக மாட்டான் என்பதற்கு அவனுடைய குடும்பமும் தொழிலும் ஊரில் அவன் வாழ்ந்த காலமுமே தக்க சாட்சி என்று நெறி வகுத்தார். கைதான ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க இயலாதவனை ஏழையென அனுமானிக்கலாம் என்று, ஜாமீனில் விடத்தக்க குற்றங்களைப் பொறுத்தவரையில், சட்டமே சொல்லுகிறது. பிணையில்லாமல் விட்டால் ஓடிவிடுவான் என்று ஆட்சேபிப்போர் உண்டு. மானாவாரி நிலத்தையும் ஆடுமாடுகளையும் உறவுமுறையையும் விட்டு ஓடுவதற்குக் கரிசல் சம்சாரிக்குப் போக்கிடமில்லை என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. திருப்பூருக்கோ மும்பைக்கோ பிழைக்கப் போனவர்கள்கூடப் பொங்கலுக்கும் அம்மன் கொடைக்கும் திரும்பி வருகிறவர்களே.

ஆனால் ஜாமீன் மனு எழுதப்படுவதற்கு முன்னரே, முதல் ரிமாண்டின்போதே, எல்லாம் முடிந்துபோவதும் உண்டு. 2020 ஜூன் 19ஆம் தேதி சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகத் தொடங்கிய விவகாரத்தில் கைதான தந்தையும் மகனும் மறுநாள் ரிமாண்டு செய்யப்பட்டுக் கோவில்பட்டி கிளைச்சிறையில் அடைக்கப்பட்டார்கள். மகன் 22ஆம் தேதி இரவிலும் தந்தை 23ஆம் தேதி காலையிலும் இறந்தனர். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை காவலர்கள்மீது கொலைக்குற்றம் சாட்டியது. அந்தத் தந்தைமீதும் மகன்மீதும் சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஏழாண்டுக்கு மேற்பட்ட தண்டனைக்குரியது ஒன்றுமில்லை. அத்தகைய வழக்குகளில் கைது அவசியந்தானா என்பதை மாஜிஸ்திரேட் தாமே ஆராய்ந்து காரணம் பதிந்த பின்னரே காவலுக்கு அனுப்பவேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் விதித்திருந்தது. அந்த விதி அன்று சிரத்தையோடு கையாளப்பட்டிருப்பின், ஜாமீனுக்கே அவசியம் நேர்ந்திராது.

ஆதலின் சீர்திருத்தம் ரிமாண்டிலேயே தொடங்கவேண்டும். மாஜிஸ்திரேட் கைதியின் உடலை நேரிற் கண்டு, ஊரும் தொழிலும் குடும்பமும் வினவி, சொந்தப் பிணைமுறியில் ஏன் விடவில்லை என்பதற்கான காரணத்தைத் தம் கையால் எழுதவேண்டும். சட்ட உதவி வழக்கறிஞர் அவ்வேளையிலேயே உடனிருக்கவேண்டும். ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரை நிறுத்த இயலாதவர் விஷயத்தில் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் பணித்திருக்கிறது; விதைப்புக் காலத்துக் கரிசல் சம்சாரிக்கு அந்த ஒரு மாதமும் நெடியது, ஒரு வாரமே போதும்.