சிறை மீட்ட சாமியும் சிறை போன பெண்களும்

திருத்தணி மலைக்கோயிலில் முருகனுக்கு எதிரே ஒரு யானை நிற்கிறது. சாமியைப் பார்த்து நிற்க வேண்டிய வாகனம், வெளியே பார்த்து நிற்கிறது. காரணம் கேட்டால் தலக்கதை சொல்வார்கள்: அது ஐராவதம், இந்திரன் தன் மகள் தெய்வானைக்குக் கொடுத்த சீதனம், பிறந்த வீட்டு நினைப்பில் தேவலோகத்தைப் பார்த்து நிற்கிறது. சாமிக்குச் சந்தனம் அரைக்கும் கல்லும் சீதனமாக வந்ததுதான் என்பார்கள்.

இந்தச் சீதனத்தின் பின்னால் இருப்பது ஒரு சிறைக்கதை. சூரபத்மன், இந்திரன் மகன் சயந்தனையும் தேவர்களையும் மகேந்திரபுரியில் அடைத்து வைத்தான். முருகன் போர் செய்து அவர்களை மீட்டான். ‘தேவர் சிறை மீட்டவன்’ என்பது இன்றும் பக்தர்கள் வாயில் வரும் பெயர். பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மனைச் சிறையில் போட்டவனும் இதே முருகன்தான். அந்தப் பிரம்மன் வந்து வழிபட்டதாகச் சொல்லும் சுனை இந்த மலையில் இருக்கிறது. அடைப்பதும் திறப்பதும் இரண்டும் தெரிந்த சாமி. கைதிகளுக்கும் கைதியின் வீட்டாருக்கும் இதைவிடப் பொருத்தமான தெய்வம் கிடையாது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மகன் சிறையிலிருந்து வந்தான். அதற்குக் கைம்மாறாக மகளைக் கொடுத்தார்கள். விடுதலைக்கு யார் வேண்டினார்கள், விலையாக யார் போனார்கள் என்பதைக் கந்தபுராணம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. பெண்ணுக்குச் சிறையும் கடவுளும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்று கேட்க, இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

சிறையில் கடவுளைக் கண்டவர்கள், கடவுளை மறுத்தவர்கள் என்ற வரலாறு பெரும்பாலும் ஆண்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. அரவிந்தர் 1908 மே முதல் ஓராண்டு அலிப்பூர் சிறையில் இருந்தார். சிறைச் சுவரிலும் காவலரிலும் வாசுதேவனையே கண்டதாக, வெளியே வந்ததும் உத்தரபாராவில் பேசினார். அடுத்த ஆண்டு புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பகத்சிங் 1930 அக்டோபரில் லாகூர் சிறையில் ‘நான் ஏன் நாத்திகன்?’ எழுதினார். அதே சிறையில் இருந்த ரண்தீர் சிங் என்ற பக்தர், புகழ் தலைக்கேறியதால்தான் உனக்குக் கடவுள் தெரியவில்லை என்று கடிந்துகொண்டதற்கு எழுதிய மறுமொழி அது. தூக்குக் கயிறு தெரிகிற தூரத்திலும் பிரார்த்தனை செய்யப் போவதில்லை என்று நின்ற இளைஞனின் எழுத்து. ஜீவா அதைத் தமிழாக்க, பெரியாரின் அண்ணன் ஈ.வெ.கிருஷ்ணசாமி அச்சிட, 1935இல் இருவரும் கைதானார்கள். சிறையில் எழுதிய நாத்திகம், தமிழுக்கு வந்ததும் இன்னும் இருவரைச் சிறைக்கு அனுப்பியது.

அரவிந்தர், பகத்சிங் இருவரையும் மதித்தே சொல்கிறேன்: இரண்டு கதைகளிலும் ஒரு தனி மனிதன், ஓர் அறை, எதிரே கடவுள் அல்லது கடவுள் இல்லாத வெட்டவெளி. கையில் குழந்தை இல்லை. அடுப்பில் உலை இல்லை. பெண்கள் சிறைக்குப் போனபோது நம்பிக்கையும் மறுப்பும் இப்படித் தனியறையில் நடக்கவில்லை.

திருத்தணிக்கு மேற்கே வேலூர். 1930களில் காங்கிரஸ் பெண்கள் பலர் அடைக்கப்பட்டது வேலூரில்தான். உப்புச் சத்தியாகிரகத்தில் ருக்மிணி லட்சுமிபதி, அதன்பின் அம்புஜம்மாள், துர்காபாய். அவர்களுக்கு நாட்டுப்பணியும் பக்தியும் வேறுவேறு அல்ல. பஜனையும் இராட்டையுமாக இருந்த காந்தியத்தில், சிறைவாசமே ஒரு நோன்பு. குடும்பப் பெண்கள் வாசல்படி தாண்டுவதற்குக் கடவுள்தான் அனுமதிச் சீட்டாக இருந்தார் என்றுகூடச் சொல்லலாம். பக்தியின் பெயரால் வெளியே வந்த பெண்ணைத் தடுக்க வீட்டுக்காரருக்கும் வாய் வராது. இதை நான் குறைவாக எடைபோடவில்லை. அந்தச் சீட்டு பல பெண்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

சுயமரியாதைப் பெண்கள் அந்தச் சீட்டு இல்லாமல் போனவர்கள். 1933 அக்டோபர் 29 ‘குடிஅரசு’ இதழில், அன்றைய ஆட்சிமுறை ஏன் ஒழிய வேண்டும் என்று கேட்ட தலையங்கத்துக்காகப் பெரியாரோடு அவர் தங்கை எஸ்.ஆர்.கண்ணம்மாளும் கைதாகித் தண்டனை பெற்றார். இதழின் வெளியீட்டாளர் அவர். வைக்கம் போராட்டத்தில் நாகம்மையோடு முன்னின்ற அதே கண்ணம்மாள். பக்தி என்ற காப்பு இல்லாமல், அச்சுக்குப் போன எழுத்துக்குப் பொறுப்பேற்று ஒரு பெண் சிறை போனது சின்னச் செய்தி அல்ல. வரலாற்றுப் புத்தகங்களில் அவர் இன்றும் ‘பெரியாரின் தங்கை’தான்.

1938 நவம்பர் 13 அன்று சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. ‘பெரியார்’ என்ற பட்டம் தீர்மானமாகி நின்றது அங்கேதான். தலைமை வகித்தவர் நீலாம்பிகை அம்மையார், மறைமலையடிகளின் மகள், சைவர். நாத்திகருக்குப் பட்டம் கொடுத்த மாநாட்டுக்குச் சிவபக்தை தலைவர்! மறுநாள் 14ஆம் தேதி, கட்டாய இந்தியை எதிர்த்து இந்து தியாலஜிகல் பள்ளிக்கு முன்னால் மறியல் செய்த டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள் ஐவரும் கைதானார்கள். ஆறு வாரச் சிறை.

சீதம்மாள் தனியாகப் போகவில்லை. மங்கையர்க்கரசி, நச்சினார்க்கினியன் என்ற இரண்டு சின்னக் குழந்தைகளும் கூடப் போனார்கள். பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மங்கையர்க்கரசி அறுபத்துமூவரில் ஒருத்தி, சமணம் சார்ந்த பாண்டியனைச் சைவத்துக்குத் திருப்பிய அரசி. நச்சினார்க்கினியர் உரையாசிரியர். ஊரெல்லாம் ‘சாமி இல்லை என்பவர்கள்’ என்று ஏசிய இயக்கத்தின் மறியலில், நாயன்மார் பெயருள்ள குழந்தை சிறை வாசலைக் கடந்தது. அந்த வாசலில் ஆத்திகமும் நாத்திகமும் இரு அணிகளாக நிற்கவில்லை. ஒரே இடுப்பில் உட்கார்ந்து போயின. அந்தப் போராட்டம் முழுவதிலும் 73 பெண்களும் அவர்களோடு 32 குழந்தைகளும் சிறை போனார்கள்.

அரசு இதை எப்படிப் படித்தது என்பதும் சுவையானது. பெண்களைத் தூண்டிவிட்டார் என்று பெரியார்மீது வழக்கு, டிசம்பரில் தண்டனை. பெண்கள் தாங்களாக முடிவெடுத்துச் சிறைக்கு வந்திருக்கலாம் என்ற எண்ணமே அதிகாரத்துக்கு எழவில்லை. பக்திப் பெண் என்றால் கடவுள் அழைத்துவந்தார். நாத்திகப் பெண் என்றால் பெரியார் அழைத்துவந்தார். அவளாக வந்தாள் என்று எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை.

அந்த ஐவரில் மூவலூர் இராமாமிர்தத்தை எண்ணும்போது, சிறை என்ற சொல்லுக்கே வேறு பொருள் வருகிறது. 1883இல் பிறந்தவர், தேவதாசி மரபுக் குடும்பத்தில் வளர்ந்தவர். பொட்டுக்கட்டுதல் என்பது ஒரு சிறுமியைச் சாமிக்கு மணமுடிப்பது. அதன்பின் அவள் உடல் ஊர்ப் பெரியவர்களின் வசம். அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசி, 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை வெளியிட்டவர். ஐம்பத்தைந்து வயதில், மறியலுக்குச் சில மாதங்களுக்கு முன்தான், திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் படையோடு நடந்து வந்திருந்தார். அவருக்குக் கடவுள் மறுப்பு தத்துவ விவாதத்தில் பிறந்தது அல்ல. சாமி பெயரால் பெண்களைப் பூட்டிய பூட்டு எது, சாவி யாரிடம் என்று கண்ணால் கண்டவர். ஆறு வாரத்துக்கு அரசாங்கம் பூட்டிய கதவு அவருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும்? அந்தப் பூட்டுக்காவது விடுதலை நாள் குறித்திருந்தது. பொட்டுக்கட்டுவதைச் சட்டம் நிறுத்த 1947 வரை ஆயிற்று.

இருபது ஆண்டு கழித்து, சிறையில் இறந்த நாத்திகரின் உடல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்தது. சாதியைக் காக்கும் பிரிவுகள் இருக்கின்றன என்று 1957 நவம்பர் 26 அன்று திராவிடர் கழகத்தார் அரசமைப்புச் சட்டத்தை எரித்தார்கள். இயக்கத்தார் கணக்கில் மூவாயிரம் பேர் கைது. 1958 மார்ச்சில் திருச்சி சிறையில் பட்டுக்கோட்டை இராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் அடுத்தடுத்து இறந்தார்கள். உடலைத் தர மறுத்துச் சிறைக்குள்ளேயே புதைத்தது நிர்வாகம். பெரியாரும் அப்போது தண்டனைக் கைதி. மணியம்மை சென்னைக்குப் போய் முதலமைச்சர் காமராசர் வரை முறையிட்டு, புதைத்ததைத் தோண்டி எடுக்க வைத்து, திருச்சித் தெருவில் ஊர்வலமாகக் கொண்டுபோனார்.

நம் ஊர் வழக்கத்தில் பெண் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பிணத்தைக் கேட்கும் உரிமை மகனுக்கு, பங்காளிக்கு, சாதிக்கு. மணியம்மை அந்த இருவருக்கும் இரத்த உறவு இல்லை, சடங்கு செய்யவும் போகவில்லை. 1949இல் அவர் திருமணத்தைக் காட்டித்தான் கட்சியே உடைந்தது. அந்த ஏச்சுகள் ஓயாத காலம் அது. அப்படிப்பட்ட பெண் சிறை வாசலில் நின்று எங்கள் பிணத்தைக் கொடு என்றார். கடவுளும் சாதியும் வேண்டாம் என்றவர்களுக்குச் சாவில் உறவு யார் என்ற கேள்விக்கு, மேடையில் யாரும் சொல்லாத விடையை அவர் செய்து காட்டினார். பின்னாளில் கழகத்தின் தலைமைக்கு அவர் வந்ததைப் பேசுகிற அளவுக்கு இந்த மார்ச் மாதத்தை நாம் பேசுவதில்லை.

இன்று தமிழ்நாட்டில் வேலூர், புழல், திருச்சி, மதுரை, கோவையில் பெண்களுக்குத் தனிச் சிறைகள் உண்டு. நாட்டின் கைதிகளில் நூற்றுக்கு நான்கு பேர் பெண்கள். உள்ளே போகும்போது நகைகளைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். தாலிக்கு மட்டும் விதியே விலக்கு தருகிறது. கணவன் கொடுமையால் குற்றவாளியானவள் கழுத்திலும் அது கிடக்கலாம். 2006இல் உச்ச நீதிமன்றம், தாயோடு சிறையிலிருக்கும் குழந்தைகள் பற்றிய தீர்ப்பில், சிறையில் பிறந்த குழந்தைக்குப் பெயர் சூட்டும் சடங்குக்கு இயன்றவரை வசதி செய்யவும், பிறப்புப் பதிவில் பிறந்த இடம் சிறை என்று எழுதாதிருக்கவும் சொன்னது. 2024 அக்டோபரில், சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில், சாதி பார்த்து வேலை பிரிக்கும் சிறை விதிகளை அது ரத்து செய்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. பதிவேட்டில் சாதிக்கான கட்டத்தை நீக்கவும் உத்தரவாயிற்று.

மதத்துக்கான கட்டம் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் சிறைப் புள்ளிவிவரத்தில் இந்து, இஸ்லாமியர், சீக்கியர், கிறிஸ்தவர், மற்றவர் என்று ஐந்து பிரிவுகள். மதமில்லை என்பவருக்குத் தனிப்பிரிவு கிடையாது. மூவலூர் அம்மையார் இன்று மறியல் செய்து உள்ளே போயிருந்தால், இராமாமிர்தம் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் எழுத்தர் ‘இந்து’ என்று போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார்.