செருகியும் நீட்சியும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இரண்டுக்கும் இடையே ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான படகை எங்கள் பக்கத்தில் 'பாதை' என்பார்கள். வெளியூரார் முதன்முறை கேட்கும்போது சற்றுத் திகைப்பார்கள். பாதை எங்காவது நகருமா? பாலம் இல்லாத துறையில் நகரத்தான் வேண்டும். மண்முனைத் துறையிலும் நெடுங்காலம் அப்படித்தான் நகர்ந்தது. 2014இல் அங்கே பாலம் திறந்த பிறகு பாதைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இங்கே ஒப்பிட எடுத்துக்கொண்ட இரண்டு மென்பொருள்களுக்கும் இந்தப் பாதையின் கதை பொருந்துகிறது. வேர்ட்பிரஸ் நாட்பதிவு எழுதப் பிறந்தது. மீடியாவிக்கி கலைக்களஞ்சியம் எழுதப் பிறந்தது. முன்னதை முழு உள்ளடக்க முகாமைத்துவ முறைமையாக மாற்றியவை செருகிகள். பின்னதை நூற்பட்டியலாகவும் தரவுத்தளமாகவும் மாற்றியவை நீட்சிகள். பெயர்கள் இரண்டு மனப்போக்கைக் காட்டுவதுபோல் இருக்கின்றன: செருகுவது வெளியிலிருந்து நுழைவது, நீள்வது உள்ளிருந்து வளர்வது. நிரலைத் திறந்து பார்த்தால் அந்த வேறுபாடு நிற்பதில்லை. மைய நிரல் ஆங்காங்கே விட்டுவைத்த கொக்கிகளில்தான் இரண்டும் தொங்குகின்றன. அந்த இடங்களுக்கு இரு தரப்பாரும் வைத்த பெயர்கூடக் கொக்கிதான்.

பிறப்பிலும் இவை ஏறத்தாழ ஒருசாலை மாணாக்கர். மக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மன் மாணவர் எழுதிய நிரல் 2002 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஓடத் தொடங்கியது. அதைத் திரும்ப எழுதிச் செம்மைப்படுத்திய வடிவம்தான் பின்னர் மீடியாவிக்கி எனப் பெயர் பெற்றது. மிஷெல் வால்திரிகி தொடங்கி, தொடர்ந்து கவனிக்க ஆளில்லாமல் கிடந்த பி2 என்ற நிரலை மட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் எடுத்து வளர்த்தார்கள். அது 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ் என வெளியாயிற்று. இரண்டும் எழுதப்பட்ட மொழி பிஎச்பி; இரண்டும் ஒரே வகைக் கட்டற்ற உரிமத்தில் வருபவை. ஒன்று காலத்தை நம்பியது, மற்றது பெயரை நம்பியது. வேர்ட்பிரஸில் நேற்று எழுதியது இன்று எழுதியதற்குக் கீழே போகும். மீடியாவிக்கியில் எப்போது எழுதினாலும் தலைப்பின் கீழேதான் போகும்.

இந்த இரண்டு நம்பிக்கைகளையும் சோதிக்கக் கூத்தைவிட நல்ல பொருள் கிடைக்காது. வாவியின் இரு கரைக் கிராமங்களிலும் ஆடப்பட்ட கூத்துகளைத் தொகுக்க ஒருவர் முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் அவருக்கு வேண்டியவை ஆறு விபரங்கள்: பெயர், ஆட்டமுறை வடமோடியா தென்மோடியா, ஊர், கூத்தைப் பழக்கிய அண்ணாவியார், அரங்கேறிய ஆண்டு, கூத்துக் கொப்பி யாரிடம் இருக்கிறது என்பது. வெறும் வேர்ட்பிரஸில் இவை பதிவிட்ட நாளின்படி அடுக்கப்படும். போன வருடம் எழுதிய கூத்து ஐந்தாம் பக்கத்துக்குப் போய்விடும். கூத்துக்குப் பழசு புதுசு பதிவிட்ட நாளில் இல்லையே. வெறும் மீடியாவிக்கியில் வேறு தொல்லை. 'அலங்காரரூபன்' இரண்டு ஊர்களில் ஆடப்பட்டிருந்தால் அதே தலைப்பில் இரண்டாம் பக்கம் திறக்க அது இடம் தராது. ஊர்ப் பெயரை அடைப்புக்குறியில் சேர்த்தாக வேண்டும். வேர்ட்பிரஸ் இந்த விடயத்தில் தாராளம். ஒரே தலைப்பில் நூறு பதிவுகள் போட்டாலும் முகவரியின் நுனியில் 2, 3 என்று ஓர் எண்ணை ஒட்டிவிட்டு வாய் திறக்காது. எனக்கென்னவோ விக்கியின் பிடிவாதம்தான் பிடித்திருக்கிறது. எந்த ஊர் அலங்காரரூபன் என்ற கேள்வியை அது முதல் நாளே கேட்டுவிடுகிறது.

தரவுத்தளத்துக்குள் இறங்கினால் எதிர்பாராத உறவு ஒன்று தெரிகிறது. வேர்ட்பிரஸில் பதிவு, நிலையான பக்கம், ஏற்றிய படத்தின் விபரம், பட்டியில் நிற்கும் இணைப்பு எல்லாம் ஒரே அட்டவணையில் கிடக்கின்றன. எது எந்த இனம் என்பதை ஒரேயொரு நெடுவரிசை சொல்கிறது. மீடியாவிக்கியில் கட்டுரை, பகுப்பு, வார்ப்புரு, கோப்புப் பக்கம், பயனர் பக்கம் எல்லாம் ஒரே அட்டவணையில் கிடக்கின்றன. எது எந்த இனம் என்பதை ஒரேயொரு எண் சொல்கிறது. இரண்டிலும் சாக்கு ஒன்றுதான், வாயில் கட்டிய சீட்டுத்தான் வேறு. நாட்பதிவு எழுதும் கருவிக்குள் 'கூத்து' என்ற புது இனத்தைச் செருகி ஒன்றால் உருவாக்க முடிகிறதென்றால் அதன் காரணம் இதுதான்: புதுச் சாக்கு வேண்டியதில்லை, புதுச் சீட்டு எழுதினால் போதும்.

விபரங்களை எங்கே வைப்பது என்பதில் இரண்டும் பிரிகின்றன. வேர்ட்பிரஸில் அண்ணாவியார் பெயரும் ஆண்டும் பதிவின் உடலுக்கு வெளியே, துணை அட்டவணை ஒன்றில், விபரத்துக்கு ஒரு வரியாகப் போய் உட்காருகின்றன. அங்கே எல்லாமே எழுத்துச் சரம். எண்ணாகக் கொள் என்று தனியே சொல்லாவிட்டால் 9 என்பது 10க்குப் பின்னால் நிற்கும். மீடியாவிக்கியில் அதே விபரங்கள் வார்ப்புருவாகப் பக்கத்தின் உரைக்குள்ளேயே நிற்கின்றன. கண்ணால் வாசிக்கலாம், கையால் திருத்தலாம். ஆனால் அவை வெறும் உரை என்பதால் "தென்மோடிக் கூத்துகளை அண்ணாவியார் பெயர் வரிசையில் தா" என்று கேட்டால் மீடியாவிக்கிக்கு விளங்காது. அதற்குத்தான் 2005இல் செமன்டிக் மீடியாவிக்கி என்ற நீட்சி வந்தது. வேர்ட்பிரஸ் பக்கத்தில் அதே மாதிரியான இடைவெளியை நிரப்ப 2011இல் வந்தது அட்வான்ஸ்ட் கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்ற செருகி.

நமக்கு மிக அருகில் இருக்கும் உண்மையான எடுத்துக்காட்டு 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி, ஒரு இலட்சத்தைக் கடந்த ஆவணங்களைச் சேர்த்திருக்கும் அந்தத் தளம் மீடியாவிக்கியில் ஓடுகிறது. நூலக எண், ஆசிரியர், மொழி, வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று நூலகர் அட்டையில் எழுதும் விபரங்கள் அங்கே வார்ப்புருவாக நிற்கின்றன. பகுப்புகள் அலுமாரித் தட்டுகளாகின்றன. கலைக்களஞ்சியக் கருவி நூற்பட்டியலாகிவிட்டது. ஆனால் ஒளிப்படம், ஒலிப்பதிவு, ஓலைச்சுவடி என்று பொருளின் வகை மாறியபோது விக்கியை மேலும் இழுக்கவில்லை. ஆவணகம் என்ற தனித் தளத்தை ஐலண்டோரா மென்பொருளில் அமைத்தார்கள். ஐலண்டோராவோ கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் பிறந்து, ட்ரூபல் என்ற இன்னொரு உள்ளடக்க முகாமைத்துவ முறைமையின் மேல் கட்டப்பட்டது. ஒரு தீவில் பிறந்த கருவி இன்னொரு தீவின் ஆவணங்களுக்கு உதவுகிறது. எவ்வளவு இழுக்கலாம் என்பதைப் போலவே எங்கே நிறுத்தலாம் என்பதையும் அறிந்த முடிவாக இதைப் பார்க்கிறேன்.

இனி பாதையும் பாலமும்: செருகியும் நீட்சியும் பாதை, மைய நிரலிலேயே சேர்ந்துவிட்ட வசதி பாலம். செருகிகளாக ஓடித் திரிந்த சில வேலைகளை வேர்ட்பிரஸ் மையத்துக்குள் எடுத்துக்கொண்டது. புது இனங்களை உருவாக்கும் வசதி 2010இல் வெளியான 3.0 பதிப்பில் முழுமை பெற்றது. அது பாலம். விபரங்களை வசதியாக நிரப்பும் வேலைக்கு மட்டும் பாதையே தொடர்ந்து ஓடியது. அந்தப் பாதை யாருடையது என்று 2024 ஒக்டோபரில் பெரும் பிணக்கு வந்தது. செருகிப் பட்டியலில் அட்வான்ஸ்ட் கஸ்டம் ஃபீல்ட்ஸின் இடத்தை வேர்ட்பிரஸ் தளத்தார் எடுத்து, வேறு பெயரில் தம் வடிவத்தை அங்கே வைத்தார்கள்; விடயம் நீதிமன்றம் வரை போய், டிசம்பரில் வந்த இடைக்காலத் தடையாணைக்குப் பின் பழையவருக்கே அந்த இடம் திரும்பியது. கரையில் காத்து நின்ற பயணிகளை யாரும் கேட்கவில்லை.

மீடியாவிக்கி பாலம் கட்டுவதில் கஞ்சத்தனம் காட்டியது. விக்கிப்பீடியாவுக்கு வேண்டாதது மையத்துக்கும் வேண்டாம் என்பது அதன் போக்கு. எல்லோரும் பயன்படுத்தும் பார்சர் ஃபங்ஷன்ஸ் கூட 2011 முதல் மூட்டையோடு சேர்ந்து வருகிறதே தவிர, இன்றைக்கும் பெயரளவில் நீட்சிதான். செமன்டிக் மீடியாவிக்கியை விக்கிப்பீடியா ஏற்றதே இல்லை. வியப்பு என்னவென்றால், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டெனி விராந்தெசிச் 2012இல் விக்கித்தரவைத் தொடங்கி வைத்தார். அந்தப் பெருந்தரவுத்தளமும் விக்கிபேஸ் என்ற நீட்சியில்தான் நிற்கிறது. முன் கதவால் உள்ளே வராத எண்ணம் பக்கத்து வளவில் தனி வீடாகவே எழும்பிவிட்டது.

துணை நிரலை நீக்கிப் பார்த்தால் கடைசி உறவும் வெளிப்படும். வேர்ட்பிரஸ் பக்கங்களில் செருகி விட்டுப்போன சதுர அடைப்புச் சொற்கள் அநாதையாக நிற்கும். விக்கிப் பக்கங்களில் நீட்சி விட்டுப்போன இரட்டைச் சுருள் அடைப்புகள் நிற்கும். தோணி போன பிறகு துறையில் நிற்கும் கம்புகள் மாதிரி. செருகி உருவாக்கிய 'கூத்து' இனமும் அழிவதில்லை. தரவுத்தளத்தில் அப்படியே இருந்தாலும் பட்டியிலிருந்து காணாமல் போகும். இதைப் பார்த்துத் தொகுப்பே போய்விட்டது என்று அலறாதவர் குறைவு.

என் தீர்ப்பு விக்கியின் பக்கம், அதுவும் கூத்துக்கு மட்டும். ஒருவர் கையிலுள்ள தொகுப்பை அழகாகக் காட்ட வேர்ட்பிரஸை மிஞ்ச ஆளில்லை. 2008 முதல் அதுவும் திருத்த வரலாற்றைச் சேமிக்கிறது. ஆனால் அதைத் திருத்துபவர் மட்டுமே பார்க்கலாம். விக்கியிலோ வாசகரும் பார்க்கலாம். எந்த அண்ணாவியார் முதலில் களரியேற்றினார் என்று இரண்டு ஊரார் வாதிடும்போது, வாதத்துக்கென்றே ஒவ்வொரு பக்கத்தின் பின்னாலும் ஓர் உரையாடல் பக்கம் காத்திருக்கிறது. நம் ஊர்களுக்கு அது அவசியம்.

இரண்டில் எதை எடுத்தாலும் ஒன்று: இரண்டின் ஏற்றுமதிக் கோப்பிலும் வழக்கமாக எழுத்து மட்டுமே வரும், படமும் ஒலியும் வருவதில்லை. அண்ணாவியாரின் குரலைப் பதிந்து ஏற்றியிருந்தால், ஏற்றிய கோப்புகள் இருக்கும் கோப்புறையை வேறொரு வன்தட்டில் தனியே நகலெடுத்து வைத்திருக்கிறீர்களா என்று இன்றைக்கே ஒருதரம் பாருங்கள்.