பிரேசில் சர்க்கரையும் ஆங்கிலச் சுங்கமும்

நெப்போலியனின் படைக்கு அஞ்சிக் கடல் கடந்து பிரேசிலை அடைந்த போர்த்துகீசிய ராஜப்பிரதிநிதி ஜோவான், தமக்குத் துணைவந்த ஆங்கிலேயருக்கு 1810-இல் செய்துகொடுத்த உடன்படிக்கை விசித்திரமானது; பிற நாட்டுச் சரக்குகள் நூற்றுக்கு 24 வீதம் தீர்வை செலுத்த, தாய்நாடாகிய போர்த்துகலின் பொருள்களும் 16 வீதம் கட்ட, ஆங்கிலச் சரக்குக்கு மாத்திரம் 15 வீதமே விதிக்கப்பட்டது. 1822-இல் சுதந்திரம் பெற்ற பின்னரும், 1827-ஆம் வருஷத்து உடன்படிக்கையால் பிரேசில் அந்தத் தாழ்ந்த வீதத்துக்கே கட்டுப்பட்டிருந்தது.

இதற்கு இங்கிலாந்து செய்த பிரதியுபகாரம் யாதெனில், ஜமேக்கா முதலிய தன் குடியேற்றங்களின் சர்க்கரைக்கு அந்தருக்கு 24 ஷில்லிங் வாங்கிக்கொண்டு, பிரேசில் சர்க்கரைக்கு 63 ஷில்லிங் விதித்ததுதான். மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகளின் லாபத்தைக் காத்துவந்த இந்தப் பேதத்துக்கு, ஆங்கிலக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்தபின் ஒரு தர்ம நியாயமும் வந்து சேர்ந்தது. அடிமைகள் விளைத்த சர்க்கரையை உண்பது பாவம் என்றார்கள். 1844-இல் பீல் மந்திரிசபை, கூலியாட்கள் விளைத்த அந்நியச் சர்க்கரைக்கு வரியை 34 ஷில்லிங்காகக் குறைத்தபோதும், பிரேசிலுக்குப் பழைய வரியே நிலைத்தது. ஆயினும் அதே பிரேசில் சர்க்கரையை வரியின்றி இறக்கிச் சுத்திகரித்து அயல்நாடுகளுக்கு அனுப்பச் சட்டம் இடங்கொடுத்தது. அமெரிக்க அடிமைகள் பறித்த பருத்தியின் மீதிருந்த தீர்வையோ 1845-இல் அடியோடு நீக்கப்பட்டது.

உடன்படிக்கையின் தவணை முடிந்ததும், சுங்க வருமானத்தையே பெரிதும் நம்பியிருந்த பிரேசிலின் நிதிமந்திரி மனுவேல் ஆல்வெஸ் பிராங்கோ, 1844-இல் பெரும்பாலான இறக்குமதிகளுக்கு 30 வீதமும், உள்நாட்டில் உற்பத்தியாகும் சிலவற்றுக்கு 60 வீதம் வரையிலும் தீர்வையை உயர்த்தினார். இரண்டு வருஷங்களுக்குள் இங்கிலாந்தில் ரஸ்ஸல் மந்திரிசபை, மலிவான சர்க்கரையை வேண்டிய ஜனங்களின் பக்ஷம் சாய்ந்து, வரிகளைப் படிப்படியாகச் சமப்படுத்தச் சட்டம் இயற்றியது. சமத்துவம் 1854-இல் பூர்த்தியாயிற்று.

அத்தனை காலமும் 63 ஷில்லிங் காவல்நின்றும், பிரேசிலில் அடிமைகளின் இறக்குமதி நிற்கவில்லை. அதை நிறுத்தியவை ஆங்கிலப் போர்க்கப்பல்களின் நிர்ப்பந்தமும், பிரேசில் 1850-இல் இயற்றிய சட்டமுமே. அடிமைமுறை முற்றும் ஒழிய 1888 வரை செல்ல வேண்டியிருந்தது. தேநீரில் சர்க்கரையைக் கரைத்துக் குடித்த ஆங்கிலத் தொழிலாளி, உயர்ந்த விலையின் வழியாக அந்த வரியின் பாரத்தைச் சுமந்தான். ஜமேக்காத் தோட்டக்காரர் அதன் பயனை அனுபவித்தார். யார் பெயரால் அது நியாயம் பெற்றதோ அந்த அடிமையை அதன் அனுகூலம் எட்டவேயில்லை.